இறக்கை தெரிகிறது, காற்று எங்கே?

இரைகொல்லிப் பறவைகள் பறக்கும் படங்களைப் பல வருஷமாகச் சேர்த்து வருகிறேன். நான் எடுத்தவை கொஞ்சம், மற்றவர்கள் எடுத்தவை நிறைய. கழுகு, பருந்து, வல்லூறு, ஆந்தை என்று இனவாரியாகத்தான் அடுக்கி வைத்திருந்தேன். சமீபத்தில் ஒரு சோதனைக்காக, போட்டிகளில் பரிசு வாங்கியவை, பத்திரிகை அட்டையில் வந்தவை, இணையத்தில் ஏகப்பட்ட பேர் பகிர்ந்தவை ஆகியவற்றை மட்டும் ஒரு தனி ஃபோல்டரில் போட்டு, எடுத்தவர் பெயர், ஊர், தேதி எல்லாவற்றையும் மறைத்துவிட்டு ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டிப் பார்த்தேன். இனத்தை வைத்து எந்தக் கண்டம் என்று ஊகிக்கலாம். அதைத் தாண்டி ஒன்றும் சொல்ல முடியவில்லை. யார் எடுத்தது, எந்த ஊர், மழைக்காலமா வெயில்காலமா, பறவை எங்கிருந்து எங்கே போய்க்கொண்டிருந்தது, எதற்கும் தடயம் இல்லை.

ஏனென்றால் எல்லாம் ஒரே படம். பறவை சட்டகத்தை முக்கால்வாசி நிரப்பியிருக்கும். இறக்கை முழுசாக மேலே தூக்கியிருக்கும், இல்லாவிட்டால் முழுசாகக் கீழே அழுத்தியிருக்கும். கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி மின்னும். பின்னணி ஒரே வழவழப்பாகப் பச்சை, நீலம், இல்லையென்றால் விடியற்கால ஆரஞ்சு. கால்களை முன்னால் நீட்டி நகத்தை விரித்திருக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் நகத்தில் ஒரு மீன். இதற்கு எனக்குள் 'பாஸ்போர்ட் படம்' என்று பெயர் வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் ஆபீஸ் கேட்கிற மாதிரியேதான் விதிகள்: பின்னணி வெறுமையாக இருக்கணும், முகம் முழுசாகத் தெரியணும், கண் திறந்திருக்கணும்.

"நல்லாத்தானே இருக்கு, உனக்கு என்ன பிரச்சினை?" என்று கேட்பீர்கள். நல்லாத்தான் இருக்கிறது. மூன்று, நான்கு கிலோ லென்ஸைத் தூக்கிக்கொண்டு வெயிலில் மணிக்கணக்காக நிற்பவர்களின் உழைப்பையும் நான் குறைத்துப் பேசவில்லை. என் குறை ஒன்றுதான். பறக்கும் படம் என்று சொல்லிக்கொள்கிற படத்தில் பறத்தல் இல்லை. சட்டகத்துக்கு வெளியே தள்ளிவிட்ட மூன்று விஷயங்களில்தான் அது இருக்கிறது: காற்று, இடம், பாதை. சில படங்களில் நான்காவதாக ஒன்றும் வெளியே போகிறது, மீனை எறிந்த கை. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் இந்தப் படம் எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். கொஞ்சம் கணக்கு இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

45 மெகாபிக்சல் முழுச்சட்டகக் கேமரா, 600 மி.மீ. லென்ஸ், 50 மீட்டர் தூரத்தில் ஒரு கள்ளப் பருந்து. சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் சுமார் 4.35 மைக்ரான். லென்ஸின் உருப்பெருக்கத்தைக் கணக்கில் எடுத்தால், ஒரு பிக்சல் பருந்தின் உடம்பில் ஏறத்தாழ 0.36 மி.மீ. அளவைப் பார்க்கிறது. சட்டகத்தின் மொத்த அகலம் 3 மீட்டர். பருந்தின் இறக்கை விரிப்பு சுமார் ஒன்றரை மீட்டர், அதாவது பாதிச் சட்டகம். பருந்து நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் சறுக்கிப் போகிறது என்று வையுங்கள். 1/3200 நொடியில் அது நகர்வது 3 மி.மீ., அதாவது 9 பிக்சல். கேமராவைப் பறவையோடு சேர்த்து நகர்த்தினால் அந்த 9 பிக்சலும் ஒன்றிரண்டாகிவிடும். எல்லா இறகும் கல்லில் செதுக்கியது மாதிரி நிற்கும். பொரி வல்லூறு மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் பாய்ந்தால்கூட இதே ஷட்டர் வேகத்தில் அது நகர்வது இரண்டரை சென்டிமீட்டர் சொச்சம்தான்.

ஆக, அசைவை நிறுத்துவது இன்றைக்குப் பெரிய காரியமே இல்லை. முன்பு கஷ்டமாக இருந்தது குவியம். பறந்து வரும் பறவையின் மேல் கையால் லென்ஸைத் திருப்பிக் குவியம் வைத்த காலத்தில், 36 படம் உள்ள ஒரு சுருளில் ஒன்று தேறினால் பெரிய விஷயம். 2020-இல் கேனான் ஆர்5, 2021-இல் சோனி ஆல்ஃபா 1, நிகான் இசட்9 என்று வரிசையாக வந்த மிரர்லெஸ் கேமராக்கள் பறவையை, அதிலும் பறவையின் கண்ணைத் தானே கண்டுபிடித்துப் பிடித்துக்கொள்கின்றன. நொடிக்கு 20, 30 படம் என்று சுட்டுத் தள்ளுகின்றன. 2023 கடைசியில் அறிவித்த சோனி ஏ9 3 நொடிக்கு 120 படம் எடுக்கிறது. சில கேமராக்களில் நீங்கள் பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் இருந்த தருணத்தையும் நினைவகத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் வசதி இருக்கிறது. பறவை கிளையை விட்டுக் கிளம்பியதைப் பார்த்தபின் அழுத்தினாலும் கிளம்பிய கணம் கிடைத்துவிடும்.

எங்கள் மென்பொருள் தொழிலில் அடிக்கடி நடக்கிற ஒன்று இங்கேயும் நடந்திருக்கிறது. எதை எண்ணாக அளக்க முடிகிறதோ, எல்லாரும் அதையே மேம்படுத்திக்கொண்டு போவோம். கண் துல்லியமா என்பதை அளக்கலாம். பின்னணியின் வழவழப்பை அளக்கலாம். இறகின் நுணுக்கத்தை 100 சதவீதம் பெரிதாக்கிப் பார்க்கலாம். கேமரா கம்பெனி அதற்காக வடிவமைக்கிறது, நடுவர் அதற்கு மார்க் போடுகிறார், பார்ப்பவர் அதற்கு லைக் போடுகிறார். ஒரு விசைச் சுட்டலில் வந்த 60 படத்தில் எதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்யும்போது, இறக்கை நடுவாக்கில் இருக்கிற 50 படமும் குப்பைக்குப் போகிறது. இறக்கை உச்சியில் இருப்பது ஒன்று, அடியில் இருப்பது ஒன்று, இரண்டும் தங்குகின்றன. இடைப்பட்ட நிலைகள் எல்லாம் அழிந்து, இரண்டு நிலைகள் மட்டும் 'பறத்தல்' என்று பெயர் வாங்குகின்றன.

பருந்து உண்மையில் என்னதான் செய்கிறது? சென்னையில் இருப்பவர்கள் பெருங்குடிக் குப்பைமேட்டுப் பக்கம் பத்து மணிக்கு மேல் போய் நின்று பாருங்கள், கொஞ்சம் மூக்கைப் பொத்திக்கொண்டு. பெரும்பாலும் அது இறக்கையே அடிப்பதில்லை. சூடேறிய தரையிலிருந்து காற்று மேலே ஏறுகிறது. அசையாத காற்றில் பருந்து சறுக்கினால் மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். சுற்றியிருக்கும் காற்று அதைவிட வேகமாக மேலே ஏறினால், இறங்கிக்கொண்டே பருந்து உயரப் போகும். எஸ்கலேட்டரில் மெல்ல இறங்குகிறவர் மேல்மாடிக்குப் போய்ச் சேருவதைப் போல. அந்த ஏறுகாற்று குறுகிய தூண் மாதிரி இருப்பதால் வெளியே போய்விடாமல் இருக்க வட்டமடிக்க வேண்டியிருக்கிறது. வால் ஒரு பக்கம் முறுகும், மறுபக்கம் முறுகும். கள்ளப் பருந்தின் பிளவுபட்ட வால் சுக்கான் மாதிரி ஓயாமல் வேலை செய்துகொண்டே இருக்கும். இறக்கை நுனியில் விரல்கள் மாதிரி இறகுகள் பிரிந்து ஒவ்வொன்றும் வேறு வேறு உயரத்தில் வளைந்து நிற்கும்.

அந்த விரல்கள் எதற்கு என்பது நல்ல கதை. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தின் வான்ஸ் டக்கர், பழக்கிய ஒரு ஹாரிஸ் பருந்தைக் காற்றுச் சுரங்கத்தில் சறுக்கவிட்டு அளந்தார். இறக்கை நுனியில் அந்தப் பிளவுகள் இல்லாமல் செய்தபோது காற்றின் இழுவை கூடியது. விரித்த விரல்கள் இழுவையைக் குறைக்கின்றன என்று 1990-களில் கட்டுரை எழுதினார். இதே டக்கர் 2000-இல் பொரி வல்லூறைப் பற்றி எழுதியது இன்னும் சுவாரசியம். வல்லூறின் விழித்திரையில் மிகக் கூர்மையாகத் தெரியும் இடம் நேர் முன்னால் பார்ப்பதில்லை. பக்கவாட்டில் ஏறத்தாழ 45 பாகை திரும்பிப் பார்க்கிறது. தூரத்து இரையை அந்தக் கூர்மையோடு பார்க்கத் தலையைத் திருப்ப வேண்டும். அந்த வேகத்தில் தலையைத் திருப்பினால் இழுவை கூடும், வேகம் குறையும். எனவே தலையை நேராக வைத்துக்கொண்டு, இரையைப் பக்கவாட்டுப் பார்வையிலேயே பிடித்தபடி, ஒரு சுருள் பாதையில் நெருங்குகிறது. நேர்க்கோட்டைவிடத் தூரம் அதிகம், ஆனால் வேகம் குறையாததால் சீக்கிரம் போய்ச் சேர்கிறது.

இதைப் படித்த பிறகு பொரி வல்லூறு படம் எதைப் பார்த்தாலும் எனக்கு ஒரு குறுகுறுப்பு. அந்தப் பறவையின் பறத்தல் அந்தச் சுருளில் இருக்கிறது. கண் எங்கே பார்க்கிறது, உடம்பு எங்கே போகிறது என்கிற இடைவெளியில் இருக்கிறது. 1/4000 நொடியில் கண்ணை மட்டும் துல்லியமாகப் பிடித்த படம் இதில் எதையும் சொல்லாது.

இதை முதலில் யோசித்தவர் கேமரா வந்த புதிதிலேயே யோசித்துவிட்டார். பிரெஞ்சு உடலியல் அறிஞர் எத்தியேன் ஜூல் மாரே 1882-இல் துப்பாக்கி வடிவத்தில் ஒரு கேமரா செய்தார். குழலில் லென்ஸ், பின்னால் சுழலும் தட்டு. நொடிக்கு 12 படம், ஒவ்வொன்றும் 1/720 நொடி. தோளில் சாய்த்துக் கடல்காக்கைகளைக் குறிபார்த்தார். பிறகு கறுப்புத் திரைக்கு முன்னால் பறவையைப் பறக்கவிட்டு, ஒரே தட்டில் பல கணங்களை அடுத்தடுத்துப் பதிவு செய்தார். 1890-இல் பறவைகளின் பறத்தல் பற்றித் தனிப் புத்தகமே போட்டார். அந்தப் படங்களில் பறவைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கும், கண்ணெல்லாம் தேடக் கூடாது. ஆனால் இறக்கை எங்கே கிளம்பி எங்கே போய் எப்படித் திரும்புகிறது என்று விரலால் தொட்டுக்கொண்டே போகலாம். நொடிக்கு 120 படம் எடுக்கும் கருவியை வைத்திருக்கிற நாம் அதில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை அழிக்கிறோம். மாரே இருந்திருந்தால் நம்மை நாலு கேள்வி கேட்டிருப்பார்.

சரி, நல்ல படம் என்று நீ எதைச் சொல்வாய் என்றால், என் பதில் கொஞ்சம் விசித்திரமாக இருக்கும். பின்லாந்துக்காரர் டிக் ஃபோர்ஸ்மன், ஐரோப்பா, வட ஆப்பிரிக்கா, மத்தியக் கிழக்குப் பகுதியின் இரைகொல்லிகளைப் பறக்கும்போது அடையாளம் காண்பதற்கென்றே 2016-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். பக்கத்துக்குப் பக்கம் பறக்கும் படங்கள்தான். பாஸ்போர்ட் படம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதலில் சப்பென்று இருக்கும். வெளிர் வானம், கீழிருந்து பார்த்த அடி இறக்கை, பல பறவைகளுக்கு இறகு பிய்ந்தும் தேய்ந்தும் இருக்கும். ஒரே இனத்தில் குஞ்சு, இரண்டாம் வருஷம், மூன்றாம் வருஷம், பெரியது என்று திரும்பத் திரும்ப. ஒரு மணி நேரம் பொறுமையாகப் புரட்டினால் விஷயம் பிடிபடும். இங்கே ஒவ்வொரு பறவையும் ஒரு தனி ஆள். அதற்கு வயது இருக்கிறது, போன வருஷம் என்று ஒன்று இருக்கிறது.

உதாரணமாக இறகு உதிர்ப்பு. பருந்து, கழுகு வகையறாக்கள் இறக்கையின் முதன்மை இறகுகளை உள்பக்கத்திலிருந்து ஆரம்பித்து நுனியை நோக்கி ஒவ்வொன்றாக மாற்றுகின்றன. வல்லூறு குடும்பம் நடுவில் ஆரம்பித்து இரு பக்கமும் போகிறது. எல்லா இறகையும் ஒரேயடியாக உதிர்த்தால் பறக்க முடியாது, வேட்டையும் இல்லை. ஆகவே வளர்ந்த பறவையின் இறக்கையில் பழுப்பேறிய பழைய இறகு, கருகருவென்ற புதிய இறகு, பாதி வளர்ந்தது, காலி இடம் எல்லாம் கலந்திருக்கும். பெரிய கழுகுகள் முழு இறக்கையையும் மாற்றி முடிக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். அந்தக் கலவையைப் படித்தே வயதைச் சொல்லிவிடலாம். இறக்கையின் பின்விளிம்பு வரிசை குலையாமல் ஒரே சீராக இருக்கிறது என்றால், அது கூட்டிலிருந்து வந்து சில மாதமே ஆன இளசாக இருக்க வாய்ப்பு அதிகம், எல்லா இறகும் ஒரே நேரத்தில் முளைத்தவை. போட்டிக்கு அனுப்பும்போது 'இறகு ஒன்றுகூடப் பிசகாத' படம் என்று தேர்ந்தெடுத்து அனுப்புவதன் விளைவைப் பாருங்கள்! வானத்தின் அரசன் என்று தலைப்பு வைத்த படத்தில் இருப்பது வேட்டையே சரியாகக் கைவராத சின்னப் பையனாக இருக்கலாம்.

நம் பக்கத்தில் ரிஷாத் நௌரோஜியின் இந்தியத் துணைக்கண்ட இரைகொல்லிப் பறவைகள் பற்றிய புத்தகம் 2006-இல் வந்தது. களத்தில் பல்லாண்டு கிடந்தவர் எழுதியது. கனமான புத்தகம், படுத்துக்கொண்டு படிக்க முடியாது. பருந்துப் படம் எடுக்க ஆசைப்படும் யாராவது என்னிடம் எந்த லென்ஸ் வாங்கலாம் என்று கேட்டால், முதலில் இதை வாங்குங்கள், லென்ஸைவிட மலிவு என்றுதான் சொல்கிறேன். யாரும் கேட்டதில்லை என்பது வேறு.

இப்போது அந்த நான்காவது விஷயம், மீனை எறிந்த கை.

விராலடிப்பான் தண்ணீரிலிருந்து மீனோடு எழும் படங்களை நிறையப் பார்த்திருப்பீர்கள். நீர்த்துளி ஒவ்வொன்றும் வைரம் மாதிரி. அவற்றில் பல, ஸ்காட்லாந்தில் அவீமோர் பக்கத்து மீன்பண்ணை, பின்லாந்தில் காங்கசாலா பக்கத்துக் குளம் போன்ற இடங்களில் எடுத்தவை. டிரவுட் மீன் வளர்க்கும் குளம், தண்ணீர் மட்டத்துக்குச் சரியாகக் கேமராவை வைக்கும் மறைவிடம், உள்ளே உட்காரக் கட்டணம். ஜப்பானில் ஹொக்கைடோவின் ரவுசு துறைமுகத்திலிருந்து பிப்ரவரி மாத விடியலில் படகுகள் கிளம்பும். மிதக்கும் பனிப்பாறைகளின் மேல் மீனை எறிவார்கள், ஸ்டெல்லர் கடற்கழுகுகள் வந்து இறங்கும். வேல்ஸில் ரயாடர் ஊருக்குப் பக்கத்தில் கிக்ரின் பண்ணையில் 1990-களின் தொடக்கத்திலிருந்து தினமும் இறைச்சி போடுகிறார்கள். குளிர்காலத்தில் மதியம் 2 மணிக்கு, கோடையில் 3 மணிக்கு. நூற்றுக்கணக்கான செவ்வால் பருந்துகள் நேரம் தவறாமல் வரும்.

இவை எல்லாம் ஒரே தராசில் வைக்கக்கூடியவை அல்ல. கிக்ரினில் சோறு போட்டது, பிரிட்டனில் கிட்டத்தட்ட அழிந்துபோய் வேல்ஸில் மட்டும் கொஞ்சம் மிச்சமிருந்த ஓர் இனத்துக்கு. பணம் கொடுத்து மறைவிடத்தில் உட்காருபவர் கூட்டைத் தேடிப்போய்த் தொந்தரவு செய்வதில்லை. அதுவும் ஒரு லாபம்தான். பழைய காலத்தில் பறவைப் படம் என்றாலே கூட்டுப் படம்தான். பிரிட்டனின் எரிக் ஹாஸ்கிங் 1937-இல் ஆந்தைக் கூட்டுப் பக்கம் போய் ஒரு கண்ணையே இழந்தார். இன்று இந்தியாவில் பல பறவைக் குழுக்களும் போட்டிகளும் கூட்டுப் படங்களை ஏற்பதில்லை, நல்ல முடிவு. மறுகோடியில், வட அமெரிக்காவில் பனி ஆந்தைக்குக் கடையில் வாங்கிய உயிர் எலியைப் பனியில் விட்டு வரவழைத்து எடுக்கிறார்கள். இதற்குக் கணக்கு எழுத எனக்கு மனசு வரவில்லை. மனிதனைக் கண்டால் சாப்பாடு என்று பழகிய ஆந்தை சாலையோரத்துக்கு வரும், வண்டியில் அடிபடும். உலகின் முக்கியமான காட்டுயிர்ப் புகைப்படப் போட்டிகள் உயிர் இரை வைப்பதைத் தடை செய்திருக்கின்றன. தடை இருந்தும் நடக்கிறது. படத்தைப் பார்த்தே சிலதைச் சந்தேகப்படலாம்: பறவை புல்மட்டத்தில் நேரே லென்ஸை நோக்கி வருகிறது, நகம் முன்னால் நீட்டியிருக்கிறது, பார்வை மட்டும் லென்ஸுக்குக் கொஞ்சம் கீழே எதையோ பார்க்கிறது.

விமர்சனமாக நான் கேட்பது இதைவிட எளிமையான கேள்வி. மீன்பண்ணை, படகு, வாளி இதெல்லாம் ஏன் படத்தில் இல்லை? பின்னணி வழவழப்பு இங்கேதான் வேலைக்காகிறது. அது அழகுக்காக மட்டும் வந்ததில்லை, சாட்சியை அழிப்பதற்கும் உதவுகிறது. குளத்தின் சிமென்ட் கரையும் படகில் தோளோடு தோள் இடித்து நிற்கும் முப்பது பேரும் அந்த வழவழப்பில் கரைந்துவிடுகிறார்கள். படத்தின் கீழே 'காட்டுப் பறவை' என்று எழுதுகிறோம். பறவை காட்டுப் பறவைதான், பொய்யில்லை. ஆனால் அது எதற்காக அங்கே வந்தது என்பதைச் சொல்லவில்லை.

இதோடு ஒப்பிட நம்மிடம் ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. திருக்கழுக்குன்றம். மலைமேல் குருக்கள் பாறையில் உட்கார்ந்து சர்க்கரைப் பொங்கல் வைக்க, மஞ்சள்முகப் பாறு இரண்டு உச்சிவேளைக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகும். 1990-களோடு அந்த வருகை நின்றுவிட்டது. பழைய அஞ்சல் அட்டைகளிலும் பயணிகள் எடுத்த படங்களிலும் அந்தக் காட்சி இருக்கிறது. அதுவும் உணவு வைத்து வரவழைத்த இரைகொல்லிதான். ஆனால் படத்தைப் பாருங்கள்: குருக்கள் இருக்கிறார், பாத்திரம் இருக்கிறது, பாறை இருக்கிறது, தள்ளி உட்கார்ந்து பார்க்கும் ஜனம் இருக்கிறது. பறவை ஓரத்தில் சின்னதாக இருக்கிறது. யார் யாருக்கு என்ன கொடுத்தார்கள் என்பதுதான் படமே. மறைக்க ஒன்றுமில்லாததால் அந்தப் படங்களை இன்றைக்கு ஆவணமாகவும் பார்க்க முடிகிறது. நூறு வருஷம் கழித்து ரவுசுக் கழுகுப் படத்தை எடுத்துப் பார்ப்பவருக்கு, அந்தக் கழுகுகள் ஏன் படகைச் சுற்றின என்றோ, படகு ஒன்று இருந்தது என்றோகூடத் தெரியாது.

இடத்தை விட்டுவிட்டால் என்ன இழக்கிறோம் என்பதற்கு அமூர் வல்லூறைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. சின்னப் பறவை. சைபீரியா, வட சீனப் பக்கமிருந்து கிளம்பி, வடகிழக்கு இந்தியாவில் தங்கி, அரபிக்கடலை இறங்காமல் கடந்து தெற்கு ஆப்பிரிக்காவுக்குப் போகிறது. 2012-இல் நாகாலாந்தின் டோயாங் நீர்த்தேக்கப் பகுதியில் இவற்றை வலைபோட்டுப் பிடித்ததை கன்சர்வேஷன் இந்தியா குழுவினர் படமெடுத்து வெளியிட்டார்கள். அந்தப் பருவத்தில் மட்டும் 1,20,000 முதல் 1,40,000 வரை கொல்லப்பட்டதாக மதிப்பிட்டார்கள். வலையில் தொங்கும் பறவை, கொத்தாகக் கட்டிய பறவை. எந்தப் போட்டியிலும் முதல் சுற்றைத் தாண்டாத வகை. அந்தப் படங்கள் கிளப்பிய பேச்சினால் கிராமங்கள், தேவாலயம், வனத்துறை, தொண்டு அமைப்புகள் எல்லாம் சேர்ந்து உட்கார்ந்து, அடுத்த வருஷமே வேட்டை நின்றது. பிறகு முதுகில் செயற்கைக்கோள் கருவி கட்டி அனுப்பினார்கள். வரைபடத்தில் கடல்மேல் ஒரு கோடு நீண்டது. அமூர் வல்லூறு எப்படிப் பறக்கிறது என்று எனக்குச் சொன்னது அந்தக் கோடும், மாலை வானத்தில் ஆயிரக்கணக்கில் புள்ளி புள்ளியாகத் தெரியும் கூட்டத்தின் படங்களும்தான். அந்தப் புள்ளிகளில் ஒன்றுக்குக்கூடக் கண் தெரியாது.

சிரிப்பீர்கள், ஆனாலும் சொல்கிறேன். தமிழ்நாட்டில் பறக்கும் பருந்தை அதிகம் படமெடுப்பவர்கள் பறவைப் புகைப்படக்காரர்கள் இல்லை, கும்பாபிஷேகத்துக்கு வருகிறவர்கள். கலசத்தில் நீர் ஊற்றும் நேரத்தில் கருடன் வட்டமிட வேண்டும் என்று எல்லாரும் வானத்தைப் பார்த்து நிற்பார்கள். வந்ததும் ஒரே சத்தம், கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள், நூறு செல்போன் மேலே எழும்பும். செம்பருந்துதான் வரவேண்டும், சில ஊரில் கள்ளப் பருந்து வந்தாலும் ஒப்புக்கொள்கிறார்கள். அந்த வீடியோக்களை நான் தேடித்தேடிப் பார்க்கிறேன். கை நடுங்கும், பறவை எறும்பு அளவில் இருக்கும். ஆனால் கோபுரம் இருக்கிறது, அதன்மேல் பறவை எத்தனை உயரம் என்று தெரிகிறது, எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது, ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் என்று கைக்கடிகாரம் வைத்து எண்ணலாம். இறக்கை அடித்ததா, ஏறியதா, காற்றில் எந்தப் பக்கம் நகர்ந்தது எல்லாம் பதிவாகியிருக்கிறது. நான் மேலே கேட்ட மூன்றும், காற்று, இடம், பாதை, அந்த மோசமான வீடியோவில் இருக்கின்றன. பத்து லட்ச ரூபாய் லென்ஸில் இல்லை.

அதற்காக எல்லாரும் லென்ஸை விற்றுவிடுங்கள் என்று சொல்ல வரவில்லை. அதே கேமராவில் வேறு மாதிரி எடுக்க முடியும். சதுப்பின் மேல் பூனைப்பருந்து தாழ்வாகப் போகும்போது நாணல், தண்ணீர், தூரத்துக் கட்டடம் எல்லாம் வருகிற மாதிரி 200 மி.மீ.-இல் எடுங்கள், அது எதைத் தேடுகிறது என்பது படத்திலேயே தெரியும். கருந்தோள் பருந்து ஒரே இடத்தில் இறக்கையடித்து மிதக்கும்போது 1/125-க்கு இறங்கிப் பாருங்கள். தலை ஆணி அடித்தது மாதிரி நிற்கும், இறக்கை புகையாகும். அந்தப் பறவை செய்கிற வேலையே அதுதான், தலையை அசைக்காமல் வைத்துக்கொள்வது. வட்டமடிக்கும் பருந்தை எடுத்தால் ஒரு முழுச்சுற்றின் படங்களையும் வரிசையாகப் போடுங்கள், அழகான ஒன்றை மட்டும் பொறுக்க வேண்டாம். உணவு வைத்த இடமென்றால் அதைப் படத்துக்குக் கீழே எழுதுங்கள். முடிந்தால் வாளியையும் சட்டகத்துக்குள் கொண்டுவாருங்கள். நடுவர் மார்க் குறைத்தால் குறைக்கட்டும்.

நான் இப்போது செய்துகொண்டிருப்பது ஒரு சின்னக் கணக்கு. சென்னையில் எடுத்த கள்ளப் பருந்துப் படங்களில் எந்த மாதம் எத்தனையாவது முதன்மை இறகு உதிர்ந்திருக்கிறது என்று அட்டவணை போடுகிறேன். இதற்கு வேண்டியது இறக்கை முழுசாக விரிந்து, கீழிருந்து எடுத்த, இறகு பிய்ந்த, வெளிர் வானத்துப் படங்கள். போட்டிக்கு லாயக்கில்லை என்று உங்கள் ஹார்ட் டிஸ்கில் ஒதுக்கிவைத்தவை இருக்குமே, அவைதான். தேதியும் ஏரியாவும் இருந்தால் போதும், அனுப்புங்கள். மே முதல் ஆகஸ்ட் வரைக்கும் என்னிடம் ரொம்பக் குறைவாக இருக்கிறது.